3 பசங்க, ஒரு கார், 3,700 கிலோமீட்டர்... குழந்தைகளோடு குமரி டு காஷ்மீர் கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

கன்னியாகுமரியில் கிளம்பி ஸ்ரீநகரில் போய் இறங்க வேண்டும் என்பது சொந்தக் கார் வைத்திருக்கும் பல குடும்பங்களின் நீண்ட நாள் ஆசை. ரோடு நல்லா இருக்கு, போனில் மேப் இருக்கு, பசங்களுக்கு லீவு விட்டதும் கிளம்பிடலாம் என்று பேச்சு தொடங்கும். அடுத்து வரும் கேள்வி எப்பவும் ஒன்றுதான்: 'ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?'

இரண்டு, மூன்று குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, 'வண்டியில் எத்தனை சீட் பெல்ட் இருக்கு?' இந்தப் பயணத்தில் எது சரியாகப் போகும், எது தப்பாகப் போகும் என்பது பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பாதை, பெல்ட், வெயில், டோல், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த ரூட்?

தேசிய நெடுஞ்சாலை 44. இந்தியாவின் மிக நீளமான நெடுஞ்சாலை இதுதான். பழைய எண்களில் இருந்த ஏழு நெடுஞ்சாலைகளை ஒன்றாகச் சேர்த்து உருவாக்கினார்கள். மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜலந்தர், ஜம்மு வழியாக ஸ்ரீநகர் வரை போகிறது. மொத்த தூரம் 3,700 கிலோமீட்டருக்கும் மேல். இது போக மட்டும். திரும்பி வர இன்னொரு 3,700 என்பதைப் பிளான் போடும்போதே எழுதி வைத்துவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால், ஒருவழிக்குச் சுமார் 250 லிட்டர் வேண்டும். ஆள், லக்கேஜ், ஏசி எல்லாம் சேர்ந்து மைலேஜ் 12-க்கு இறங்கினால் 310 லிட்டரைத் தாண்டும்.

முதலில் பெல்ட்டை எண்ணுங்க!

அப்பா, அம்மா, மூன்று குழந்தைகள். ஐந்து சீட் கார் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் பின் சீட்டில் ஒரு குழந்தைக்குக் கார் சீட் வைத்தாலே பாதி இடம் போய்விடும். பழைய கார்கள் சிலவற்றில் பின் சீட்டின் நடுவில் இடுப்பைச் சுற்றும் பெல்ட் மட்டும்தான் இருக்கும். தாத்தா, பாட்டியும் வருகிறார்கள் என்றால் ஐந்து சீட் கணக்குக்கே வராது.

ஏழு சீட் வண்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்துவிட்டால் டிக்கியில் இடமே இருக்காது. அப்போது பெட்டிகள் சீட்டுக்கு இடையிலும் குழந்தைகளின் காலடியிலும் ஏறும். சீட்டின் உயரத்தைத் தாண்டி அடுக்கிய பெட்டி, திடீர் பிரேக் போட்டால் முன்னால் இருப்பவர் தலையில்தான் வந்து விழும். அதனால் ஆளுக்கு ஒரு பை, அதுவும் துணிப் பை. கனமானது எல்லாம் கீழே.

விதி சுருக்கமானது. எத்தனை தலையோ, அத்தனை பெல்ட். ஒரு பெல்ட்டுக்குள் இரண்டு குழந்தைகள் என்ற அட்ஜஸ்ட்மென்ட்டே கூடாது. அப்படி இடம் பத்தவில்லை என்றால் வேற வண்டி, இல்லைன்னா வேற பிளான்.

மடியில் வெச்சுக்கிட்டா என்ன?

நம்ம ஊரில் அதிகம் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர் மீது அவருடைய எடையைப் போல சுமார் 14 மடங்கு விசை விழும். 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்த அம்மாவாலும் அப்பாவாலும் அது முடியாது. பாசம் குறைவு என்பதால் இல்லை, கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. இதே வேகத்தில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். நெடுஞ்சாலையில் நாம் போவது 80, 100.

முன் சீட்டில் மடியில் வைப்பது இன்னும் மோசம். ஏர்பேக் விரியும்போது நடுவில் சிக்குவது குழந்தைதான். பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை சீட்டை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் ஒருபோதும் பொருத்தக் கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு சீட்டோ இல்லாமல் பயணித்தால் 1,000 ரூபாய் அபராதம். போலீஸ் நிறுத்தவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் கிடையாது.

யார் எங்கே உட்காரணும்?

* கைக்குழந்தை, ஒன்றரை இரண்டு வயது வரை: பின்னோக்கிப் பார்க்கும் கார் சீட். அந்த சீட்டில் குறிப்பிட்ட எடை, உயரம் தாண்டும் வரை இப்படியே வைப்பது நல்லது.
* அதற்கு மேல் சுமார் நான்கு வயது வரை: முன்னோக்கிப் பார்க்கும் கார் சீட், அதற்கே உரிய பெல்ட்டுடன்.
* அடுத்து பூஸ்டர் சீட். பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பிலும் உட்காரும் வரை பூஸ்டர் தேவை. வயதைவிட உயரம்தான் முக்கியம்.
* 12 வயது வரை எல்லோரும் பின் சீட்டில்தான்.

புதிய கார்களில் ஐசோஃபிக்ஸ் என்ற கொக்கி இருக்கும். பெரும்பாலும் இரண்டாவது வரிசையின் இரண்டு ஓரங்களில்தான். மூன்றாவது குழந்தைக்கு சாதாரண சீட் பெல்ட்டிலேயே பொருத்தும் கார் சீட் வாங்க வேண்டும். இரண்டாவது வரிசையில் கார் சீட் மாட்டினால், சில வண்டிகளில் மூன்றாவது வரிசைக்குப் போகும் வழி அடைபடும். வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியிலேயே மாட்டிப் பாருங்கள். கடைசி வரிசைக்கு, தானே பெல்ட் போட, கழற்றத் தெரிந்த, வாந்தி வராத பெரிய பிள்ளையை அனுப்புங்கள். அங்கேதான் குலுங்கல் அதிகம்.

லீவு ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம்

பிரச்னையே இங்கேதான். நம்ம பசங்களுக்கு முழுசா லீவு கிடைப்பது மே மாதம். காஷ்மீருக்கு அது அருமையான சீசன். ஆனால் நடுவில் ஹைதராபாத் தாண்டி நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி வரை 45 டிகிரியைத் தொடும் வெயில். அரையாண்டு லீவில் போனால் வெயில் இல்லை. பதிலுக்கு டிசம்பர், ஜனவரியில் ஆக்ராவிலிருந்து பஞ்சாப் வரை பனிமூட்டம், பக்கத்தில் போகும் லாரிகூடத் தெரியாது. பனிஹால் பக்கம் பனிப்பொழிவு.

மே மாதம் என்றால் அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி, முடிந்தவரை மதியம் 12 மணிக்குள் ரூமுக்குப் போய்விடுங்கள். டிசம்பர் என்றால் தலைகீழ். வட மாநிலங்களில் பனி விலகும் வரை, 9 அல்லது 10 மணி ஆனாலும் பரவாயில்லை, கிளம்ப வேண்டாம்.

கோடையில் டயரும் கவனம். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் முழு லோடுக்கான காற்று அளவு தனியாக இருக்கும். டயர் சூடாகும் முன், காலையில் அந்த அளவைப் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து.

ஒரு நாளைக்கு எவ்வளவு? 17 நாள் பிளான்

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஸ்டாப், ஒவ்வொன்றும் 20, 30 நிமிடம். கைக்குழந்தையை ஒரேயடியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் சீட்டில் வைக்கக் கூடாது. ஓட்டும் நேரம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். அப்படிப் பார்த்தால் 300 கிலோமீட்டர் சரியாக வரும். கீழே உள்ள தூரங்கள் தோராயமானவை.

1. கன்னியாகுமரி - மதுரை: 245
2. மதுரை - கிருஷ்ணகிரி: 345
3. கிருஷ்ணகிரி - அனந்தபூர்: 305. அதிகாலையில் கிளம்பினால் பெங்களூரு டிராஃபிக்கில் சிக்காமல் தாண்டிடலாம்.
4. அனந்தபூர் - ஹைதராபாத்: 360. மறுநாள் ஓய்வு.
5. ஹைதராபாத் - அடிலாபாத்: 305
6. அடிலாபாத் - பெஞ்ச்: 280. மறுநாள் ஓய்வு.
7. பெஞ்ச் - சாகர்: 315
8. சாகர் - குவாலியர்: 300
9. குவாலியர் - ஆக்ரா: 120. மறுநாள் ஓய்வு.
10. ஆக்ரா - பானிபட்: 340
11. பானிபட் - அமிர்தசரஸ்: 360. மறுநாள் ஓய்வு.
12. அமிர்தசரஸ் - ஜம்மு: 215
13. ஜம்மு - ஸ்ரீநகர்: 250

ஓட்டும் நாள் 13, ஓய்வு நாள் 4. அமிர்தசரஸ் மட்டும் 44-ஐ விட்டு ஜலந்தரில் பிரிந்து போகும் ஊர். ஒரு முக்கியமான குறிப்பு, தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஆக்ரா நாள் அன்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே டிக்கெட் கிடையாது. பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் மையப் பகுதி மழைக்காலத்தில், ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடியிருக்கும்.

17 நாள் லீவு கிடைக்காது என்றால் தூரத்தைக் குறையுங்கள். ஹைதராபாத் வரை, இல்லை பெஞ்ச் வரை போய்த் திரும்பினாலும் அது முழுமையான பயணம்தான். நாளைக் குறைத்து 600 கிலோமீட்டர் ஓட்டுவதுதான் தப்பு.

ராத்திரி ஓட்டினா பசங்க தூங்கிடுவாங்களே?

தூங்குவார்கள். அவர்களோடு சேர்ந்து ஓட்டுபவரின் உடம்பும் தூக்கம் கேட்கும். நள்ளிரவு 2 மணியிலிருந்து விடியற்காலை வரை கண் அயர்வது இயற்கை. டீ குடித்தாலும், முகம் கழுவினாலும் அது தள்ளித்தான் போகும், போகாது. ஓரமாக விளக்கே இல்லாமல் நிற்கும் லாரி, குறுக்கே படுத்திருக்கும் மாடு, எதிர்த்திசையில் வரும் டிராக்டர், இது எல்லாம் இருட்டில் கடைசி நொடியில்தான் தெரியும்.

பசங்க அழாமல் இருப்பார்கள் என்பதற்காக எடுக்கும் இந்த முடிவு, அவர்களுக்கே அதிக ஆபத்து. இருட்டுவதற்குள் ரூம். மாற்றி ஓட்ட இன்னொருவர் இருந்தால் நல்லது.

வண்டி நின்ற பிறகுதான் அலர்ட்டா இருக்கணும்

பசங்க அதிகமானால் ஒரு புது ஆபத்து. 'அவன் உன்னோடதானே இருந்தான்?' தாபாவில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் பத்து கிலோமீட்டர் போன பிறகு வரும் கேள்வி இது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நம்பர் கொடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும் முன் ஒவ்வொருவரும் தங்கள் நம்பரைச் சத்தமாகச் சொல்லணும். விளையாட்டு மாதிரியே பழகிவிடும்.

தினமும் காலையில் அன்றைய டிரெஸ்ஸோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அப்பா, அம்மா போன் நம்பரை இந்தி, ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைக் குழந்தையின் பாக்கெட்டில் வைத்துவிடுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை ஆக்ராவில் தொலைந்தால் அதுதான் பேசும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசர உதவி 112.

இன்னொன்று, 'ரெண்டு நிமிஷம்தானே, தூங்கட்டும்' என்று குழந்தையைக் காரில் விட்டுப் போகவே கூடாது. வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை. ஒருவர் காரில் இருந்தே ஆகணும். சென்ட்ரல் லாக், பவர் விண்டோ லாக் இரண்டையும் சிறுசுகளின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாந்தி, வயிறு, தயிர் சாதம்

கார் வாந்தி இரண்டு வயதிலிருந்து 12 வயது வரை அதிகம். கண்ணுக்கு ஒன்று தெரிகிறது, உடம்பு வேறொன்றை உணர்கிறது, அந்தக் குழப்பம்தான் காரணம். போனும் புத்தகமும் பார்த்தால் அதிகமாகும். தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே குழந்தை டாக்டரிடம் கேட்டு, எடைக்கு ஏற்ற அளவை எழுதி வாங்குங்கள். பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கக் கூடாது.

ஓஆர்எஸ் பாக்கெட்டில் இரண்டு அளவு உண்டு. 200 மில்லி தண்ணீரில் கரைப்பது, ஒரு லிட்டரில் கரைப்பது. மாற்றிக் கரைத்தால் உப்பு அளவு தப்பிவிடும். கவரைப் படித்துவிட்டுக் கரையுங்கள். காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், ஈர டிஷ்யூ, கவர், கையடக்க பாட்டி, இது எல்லாம் டிக்கியில் இல்லாமல் கைக்கு எட்டும் பையில் இருக்கணும்.

ஹைதராபாத் தாண்டினால் இட்லி அபூர்வம். தாபாக்களில் சாதம், பருப்பு, தயிர் தனித்தனியாகக் கிடைக்கும். காரம் குறைவாக வேண்டும் என்றால் 'மிர்ச்சி கம்' என்று சொன்னால் போதும். பருப்புப் பொடி, நெய், ஊறுகாய் எடுத்துப் போனால் ஒருவேளை சமாளிக்கலாம். ரூமில் குக்கர் வைக்கலாமா என்பதை ஹோட்டலில் கேட்டுவிட்டு வையுங்கள்.

டோல், டெல்லி, சிம் கார்டு

ஃபாஸ்டேக்கில் ஆண்டு பாஸ் வசதி 2025 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது. அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 முறை, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். கணக்குப் போட்டால் ஒரு சுங்கச்சாவடிக்கு 15 ரூபாய். சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேன்களுக்கு மட்டும்தான். மாநில நெடுஞ்சாலைகளில் செல்லாது. ராஜ்மார்க் யாத்ரா செயலியில் வாங்கலாம். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் கூப்பிட வேண்டிய எண் 1033.

டெல்லி நகருக்குள் போகத் தேவையில்லை என்றால், பல்வலில் பிரிந்து கிழக்குப் புற விரைவுச் சாலையில் 135 கிலோமீட்டர் போய், குண்ட்லியில் மீண்டும் 44-ஐப் பிடிக்கலாம். குளிர்காலத்தில் ஒரு விஷயம் முக்கியம். காற்று மாசு மோசமாகி கட்டுப்பாடுகளின் மூன்றாம் கட்டம் அமலானால், டெல்லியிலும் சுற்றியுள்ள சில மாவட்டங்களிலும் பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் கார்களுக்குத் தடை வரும். நம்ம ஊரில் ஓடும் பல டீசல் ஏழு சீட் வண்டிகள் பிஎஸ்-4தான். ஆர்சி-யைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். ஒரு போனையாவது சில வாரங்களுக்கு முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசி 250 கிலோமீட்டர்

தூரம் குறைவுதான். ஆனால் மொத்தப் பயணத்திலும் கஷ்டமான நாள் இது. 2017-ல் திறந்த, 9 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள செனானி - நாஷ்ரி சுரங்கப்பாதையும், 2021-ல் திறந்த சுமார் எட்டரை கிலோமீட்டர் பனிஹால் - காசிகுண்ட் சுரங்கப்பாதையும் நேரத்தை நிறையக் குறைத்துவிட்டன. ஆனாலும் ராம்பன் பகுதியில் மழை பெய்தால் நிலச்சரிவு வரும், ரோடு மூடப்படும். போக்குவரத்து போலீஸ் தினமும் அறிவிப்பு வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர், பிஸ்கட், போர்வை, முழு டேங்க் பெட்ரோல் கட்டாயம். அமர்நாத் யாத்திரை நடக்கும் நாட்களில் வாகனக் கட்டுப்பாடும் இருக்கும்.

பிளான் பி-யும் இருக்கிறது. 2025 ஜூன் முதல் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. காரைக் கத்ராவில் நிறுத்திவிட்டு, ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தின் மேல் ரயிலில் போகலாம். பசங்களுக்கு இதுதான் ஹைலைட்டாகவும் இருக்கும். சீசனில் டிக்கெட்டை முன்பே எடுத்து வையுங்கள்.

'எப்போ வரும்?' என்று கேட்டால்...

இந்த ரோடே ஒரு பாடம். கீழே இருப்பதை எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றும் வரும்போது டிக் அடிக்கச் சொல்லுங்கள்.

தாமிரபரணி, வைகை, காவிரி, தென்பெண்ணை, பென்னா, துங்கபத்ரா, கிருஷ்ணா, கோதாவரி, பெண்கங்கா, நர்மதை, சம்பல், யமுனை, சட்லெஜ், பியாஸ், ராவி, செனாப், ஜீலம். குமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை 17 ஆறுகள். மே மாதத்தில் சில வெறும் மணலாக இருக்கும். ஏன் என்று கேட்பார்கள், நல்ல கேள்விதான்.

வழிகாட்டிப் பலகைகளில் எழுத்து மாறும் இடத்தை முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு பாயின்ட். தமிழ், கன்னடம், தெலுங்கு, தேவநாகரி, குர்முகி, உருது என ஆறு எழுத்துகள். நாக்பூரில் ஜீரோ மைல் கல். அதைத் தாண்டி சிவனி காடுகள், அதாவது ஜங்கிள் புக் கதையில் மோக்லி வளர்ந்த இடம். பெஞ்ச் பகுதியில் விலங்குகள் கடப்பதற்காக நெடுஞ்சாலையை மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். நாம் மேலே போகும்போது கீழே புலி போய்க்கொண்டிருக்கலாம்.

கிளம்பும் முன் ஒரு செக்

* தலைக்கு ஒரு பெல்ட், சின்னவர்களுக்குக் கார் சீட்
* ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் டிஜிலாக்கரில்
* குழந்தைகளின் ஆதார் அல்லது பிறப்புச் சான்று நகல், ஹோட்டலில் கேட்பார்கள்
* ஃபாஸ்டேக் பேலன்ஸ், ஒரு போஸ்ட்பெய்டு சிம்
* டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, அளவோடு
* எந்த நாளிலும் பாதியில் நிறுத்திக்கொள்ளும் அளவுக்குக் கையில் இரண்டு நாள் உபரி

கடைசி வரியை மட்டும் அடிக்க வேண்டாம். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வண்டி எடுக்காமல் இருக்க அந்த இரண்டு நாள்தான் உதவும்.